டிஃப் லொக்கர் வாங்க முதல்: யாழ்ப்பாணத்து மணலுக்கும் களிக்கும் ஒரு வழிகாட்டி

என்னுடைய பழைய ஹைலக்ஸ் முதன்முதலாகப் புதைந்தது செம்பியன்பற்றுக்கு அங்கால், கடற்கரையை ஒட்டிய மணல் பாதையில். நாலு சில்லும் இழுக்கும் என்று சொல்லித்தான் விற்றவர் தந்தார். நானும் நம்பித்தான் வாங்கினேன். கூட வந்த மச்சானை அக்சிலேற்றரை மிதிக்கச் சொல்லிவிட்டு இறங்கிப் பார்த்தால், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டே சில்லுகள்தான் மணலை அள்ளி வீசிக்கொண்டு சுழல்கின்றன. மற்ற இரண்டும் கோயில் தூண் மாதிரி அசையாமல் நிற்கின்றன.

ஒரு மணித்தியாலம் கழித்து, வள்ளம் இழுக்கிற ரக்ரர் ஒன்று வந்து எங்களை வெளியே எடுத்தது. ஓட்டி வந்த ஐயா கயிற்றைச் சுற்றி வைத்துவிட்டுத் தன் வலது குதிக்காலடியில் இருந்த சின்ன மிதி ஒன்றைக் காட்டினார். "தம்பி, உங்கடை வாகனத்திலை இது இல்லையோ?" என்றார்.

அதுதான் டிஃப் லொக். சேற்று வயலில் ஒரு சில்லு வழுக்கினால் ரக்ரர்காரர் அந்த மிதியை அமர்த்துவார், இரண்டு பின் சில்லும் ஒன்றாகச் சுழன்று வெளியே வரும். ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்த அந்தச் சாமானைத்தான் ஜீப்புக்கும் டபுள் கெப்புக்கும் லொக்கர் என்று பெரிய விலை சொல்லி விற்கிறார்கள். அன்றைக்கே ஒன்று வாங்க வேண்டும் என்று நானும் குதித்தேன். நல்ல காலம், கையில் காசு இருக்கவில்லை. காசு சேர்வதற்குள் கொஞ்சம் படித்தேன், கனக்கக் கேட்டேன். என்ன மார்க் வாங்குவது என்பது கடைசிக் கேள்வி என்று அப்போதுதான் விளங்கியது. எங்கே புதைகிறோம், வாகனத்தில் ஏற்கனவே என்ன இருக்கிறது, யார் பூட்டித் தரப்போகிறார் என்ற மூன்றுக்கும் பதில் கிடைத்தால் மார்க் தானாக வந்து நிற்கும்.

முதலில், டிஃப் ஏன் இப்படிச் செய்கிறது?

ஒழுங்கை முடக்கு ஒன்றில் வாகனத்தைத் திருப்புகிறீர்கள். உட்பக்கச் சில்லு 6 மீற்றர் ஆரையில் திரும்புகிறது, இரண்டு சில்லுக்கும் இடைத்தூரம் 1.5 மீற்றர் என்று வையுங்கள். கால்வட்டம் திரும்பி முடிக்க உட்சில்லு ஏறத்தாழ 9.4 மீற்றர் ஓடினால் போதும். வெளிச்சில்லு 11.8 மீற்றர் ஓட வேண்டும். இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கி வைத்தால் ஏதாவதொன்று தார் வீதியில் அரைபட்டே ஆகும். அதைத் தவிர்க்கத்தான் நடுவில் டிபரன்ஷல், சுருக்கமாக டிஃப், இருக்கிறது. இரண்டு சில்லும் வெவ்வேறு வேகத்தில் ஓட அது இடம் கொடுக்கிறது.

இடம் கொடுக்கும் அதே குணம்தான் மணலில் காலை வாருகிறது. சாதாரண டிஃப் இரண்டு பக்கமும் எப்போதும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் அனுப்பும். இடது சில்லு ஈரக் களியில் நிற்கிறது, 100 நியூற்றன் மீற்றர் கொடுத்தாலே வழுக்கிவிடும் என்றால், நல்ல நிலத்தில் நிற்கும் வலது சில்லுக்கும் அதே 100 தான் போகும். வாகனத்தை வெளியே தள்ள 600 வேண்டும் என்றால் கதை முடிந்தது. எஞ்சினுக்கு எவ்வளவு பலம் இருந்தாலும் பிரயோசனமில்லை.

லொக்கர் அந்த டிஃபின் இடது, வலது அக்சில் தண்டுகள் இரண்டையும் ஒன்றாகப் பிணைத்துவிடும். வழுக்கும் சில்லு தனியாக ஓட முடியாது. பிடிப்புள்ள சில்லு தன்னால் தாங்கக்கூடிய அளவு விசையை எடுத்துக்கொள்ளும். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது சில்லுக்கும் பொருந்தும். இதில் ஒரு ஆபத்தும் உண்டு. பாதிப் பாரம் தாங்கி வந்த ஒரு அக்சில் சில வேளை முழுப் பாரத்தையும் தாங்க வேண்டி வரும். பெரிய ரயர் போட்டு, லொக்கரும் போட்டு, புதைந்த இடத்தில் நின்று உறுமினால் அக்சில் முறியும்.

படி 1: வாகனத்தின் அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

இதைச் செய்யாமல் லொக்கர் விலை விசாரிக்கப் போனவர்கள் நிறையப் பேர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, பிறகு ஐந்து வருசமளவுக்குப் பழைய யப்பான் வாகனங்களே கைமாறிக்கொண்டிருந்தன. அவற்றில் பலவற்றில் தொழிற்சாலையிலேயே ஏதாவது பூட்டி வந்திருக்கும். மூன்றாவது, நாலாவது கைக்கு வந்தவருக்கு அது தெரிந்திருக்காது.

டாஷ்போட்டைப் பாருங்கள். ஹைலக்ஸ், பிராடோ, லான்ட் குரூசர் சிலவற்றில் பின் டிஃப் லொக் சுவிச் இருக்கும். டொயோட்டா இதை ஒரு சின்ன மின் மோட்டரால் இயக்குகிறது. மிட்சுபிஷி பஜேரோ சிலவற்றில் காற்றுப் பம்பியால் இயங்கும் பின் லொக் உண்டு. நிசான் பட்ரோலில் வக்யூமால் இயங்குவது வரும். சுவிச் இருந்தும் விளக்கு மட்டும் மின்னிக்கொண்டே இருந்தால், லொக்கர் இருக்கிறது, இயங்கவில்லை என்று அர்த்தம். புதிதாக ஒன்று வாங்குவதைவிட அதைத் திருத்துவது பெரும்பாலும் மலிவு.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். டிஃபென்டர், பிராடோ போன்றவை எப்போதும் நாலு சில்லிலும் ஓடுபவை. அவற்றில் முன் அக்சிலுக்கும் பின் அக்சிலுக்கும் நடுவில் இன்னொரு டிஃப் இருக்கிறது. டிஃபென்டரில் சின்ன லீவரைப் பக்கவாட்டில் தள்ளும்போது பூட்டுப்படுவது அந்த நடு டிஃப் மட்டும்தான். "டிஃப் லொக் இருக்கு" என்று விற்பவர் சொன்னால் எந்த டிஃப் என்று கேளுங்கள். நடு டிஃப் பூட்டியிருந்தாலும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு சில்லு சும்மா சுழலலாம்.

சுவிச் எதுவும் இல்லையா? பின் சில்லுகள் இரண்டையும் நிலத்திலிருந்து தூக்குங்கள். ஜாக்கில் மட்டும் நம்பி நிற்கவிடாமல் ஸ்ரான்ட் வையுங்கள், முன் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை போடுங்கள். எஞ்சினை நிறுத்தி, கியரில் விட்டு, ஹான்ட் பிறேக்கைத் தளர்த்தி, ஒரு பின் சில்லைக் கையால் சுற்றுங்கள். மற்றது லேசாக எதிர்த்திசையில் சுற்றினால் சாதாரண டிஃப். சுற்றவே விடாமல் இறுக்கிப் பிடித்தால் உள்ளே கிளட்ச் தட்டு வகை எல்.எஸ்.டி (முழுக்கப் பூட்டாமல், வழுக்கும் சில்லைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும் டிஃப்) இருக்கிறது, அதுவும் இன்னும் நல்ல நிலையில். தட்டுகள் தேய்ந்துபோன எல்.எஸ்.டி சாதாரண டிஃப் மாதிரியே சுற்றும். ஆகவே டிஃபை மூடியிருக்கும் ஹவுசிங்கில் "எல்.எஸ்.டி ஒயில் மட்டும்" என்ற வில்லை இருக்கிறதா என்றும் தேடுங்கள். துரு, சேறு எல்லாவற்றையும் சுரண்டினால் சில வேளை தென்படும். எல்.எஸ்.டி இருந்து, அதற்கு யாரோ சாதாரண ஒயில் விட்டிருந்தால், சரியான ஒயிலை மாற்றியதும் திரும்பலில் வரும் முனகல் நிற்பதும் உண்டு.

படி 2: எங்கே புதைகிறீர்கள்?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை இல்லை, பாறை ஏறவும் இடமில்லை. வெளிநாட்டுக் காணொளிகளில் மூன்று சில்லில் தொங்கிக்கொண்டு பாறை ஏறுகிறார்களே, அதைப் பார்த்து லொக்கர் தெரிவு செய்யாதீர்கள். நமக்கு உள்ள எதிரிகள் மூன்று: மணல், களி, உப்பு.

மணல் என்றால் வடமராட்சி கிழக்கு. மணற்காட்டின் மணல்மேடுகள், சவுக்கங்காடு, மணல் மூடிக் கிடக்கும் பழைய தேவாலயப் பக்கம், அங்கிருந்து தெற்கே ஆழியவளை, வெற்றிலைக்கேணி, கட்டைக்காடு, சுண்டிக்குளம் வரை. மணலில் பெரும்பாலும் நாலு சில்லுக்கும் ஒரே அளவு பிடிப்புத்தான் இருக்கும், அதாவது ஒரே அளவு பிடிப்பின்மை. அதனால் மணலில் லொக்கரைவிடப் பெரிய மருந்து ரயர் காற்று. வீதியில் 30 பி.எஸ்.ஐக்கு மேல் ஓடும் ரயரை மணலுக்கு இறங்க முன் 16 முதல் 18 வரை இறக்குங்கள். ரயர் நீளமாகப் படுத்து, மணலைத் தோண்டாமல் மேலே மிதக்கும். 12க்குக் கீழே போனால் கெதியாகத் திருப்பும்போது ரயர் றிம்மை விட்டுக் கழரலாம். நான் செம்பியன்பற்றில் புதைந்த நாளில் ரயரில் 36 இருந்தது. லொக்கர் இருந்திருந்தாலும் புதைந்திருப்பேன், என்ன, கொஞ்சம் ஆழமாக.

லொக்கருக்கு உண்மையான வேலை களியில்தான். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு தென்மராட்சி வயல் வரம்போரப் பாதைகள், ஏ9 தாண்டி வன்னிப் பக்கம் குளக்கட்டு வழிகள். ரக்ரர் போன தடத்தில் ஒரு பக்கச் சில்லு இறங்கி நிற்கும், மற்றப் பக்கம் புல்லில் நல்ல பிடிப்போடு இருக்கும். அல்லது வாய்க்கால் ஒன்றைக் குறுக்காகக் கடக்கும்போது ஒரு முன் சில்லும் எதிர் மூலையில் உள்ள பின் சில்லும் பாரமில்லாமல் தொங்கும். இந்த இரண்டு நிலையிலும் லொக்கர் போட்ட வாகனம் சத்தமில்லாமல் ஊர்ந்து வெளியே வரும். பார்க்கிறவனுக்கு மந்திரம் மாதிரித் தெரியும். வாகனத்தின் வயிறே களியில் படுத்துவிட்டாலோ, இரண்டு பக்கமும் ஒரேயளவு கூழாக இருந்தாலோ, லொக்கரால் முடியாது. மண்வெட்டியும் பலகையும் இன்னொரு வாகனமும்தான் வேண்டும்.

வலிகாமத்துச் செம்பாட்டு மண் மழைக்கு ஒட்டுமே தவிரப் புதைப்பது குறைவு. சுன்னாகம், கோப்பாய்ப் பக்கம் தோட்டத்துக்கு மட்டும் போய்வருகிறவருக்கு லொக்கர் வேண்டாம். நல்ல பல் உள்ள ரயர் இரண்டை மாற்றுங்கள், மிச்சக் காசுக்குத் தோட்டத்துக்கு உரம் வாங்குங்கள்.

இன்னொன்று, இது பகிடி இல்லை. லொக்கர் வந்ததும் பாதையை விட்டு இறங்கிப் பார்க்கும் ஆசை வரும். முகமாலைப் பக்கமும் வன்னியிலும் மிதிவெடி அபாயப் பலகை நட்ட இடங்களில் தடம் விட்டு ஒரு அடியும் போகாதீர்கள். சுண்டிக்குளம் 2015 முதல் தேசியப் பூங்கா. அதற்குள் அனுமதியில்லாமல் வாகனம் விடக்கூடாது. மணல்மேட்டில் படர்ந்து கிடக்கும் அடம்பன் கொடிதான் மேட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. அதன் மேலே ஏறி உழாமல், ஏற்கனவே இருக்கும் தடத்திலேயே போங்கள்.

படி 3: வகையைத் தெரிவு செய்யுங்கள்

எல்.எஸ்.டி பூட்டும் சாமான் இல்லை, இழுபறி செய்யும் சாமான். கிளட்ச் தட்டு வகை வழுக்கும் சில்லின் வேகத்தைக் கொஞ்சம் பிடித்து வைக்கும். தட்டு தேயும். பல்லுச் சக்கர வகை தேயாது, ஆனால் ஒரு சில்லு முழுக்க அந்தரத்தில் தொங்கினால் கைவிட்டுவிடும். அந்த நேரம் பிறேக்கை லேசாக அமர்த்தினால் கொஞ்சம் உதவும். மழைக்கால வீதியும் சுமாரான மணலும் மட்டும் என்றால் எல்.எஸ்.டி போதும். எதையும் அமர்த்த வேண்டியதில்லை என்பது அதன் பெரிய வசதி.

தானியங்கி லொக்கர் எப்போதும் பூட்டியே இருக்கும். திரும்பும்போது வெளிச்சில்லு முந்தி ஓட மட்டும் கழன்று விடும். இதில் மலிவான வகை, டிஃபின் உள்ளே உள்ள சின்னப் பல்லுச் சக்கரங்களை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் போடுவது. லொக்ரைட், ஆசி லொக்கர் போன்றவை இந்த இனம். டிஃபைச் சுற்றும் பெரிய பல்லுச் சக்கரமான கிரௌன் வீல், அதைக் கடிக்கும் சின்னப் பினியன், இவற்றின் அளவைத் தொடத் தேவையில்லை என்பதால் கூலியும் குறைவு. டெட்ராய்ட் லொக்கர் முழுக் கூடும் மாற்றுவது, பலமானது, விலையும் கூட.

இவற்றின் குறை வீதியில்தான் தெரியும். முடக்கில் "டக், டக்" என்று பல் தாண்டும் சத்தம். அக்சிலேற்றரில் காலை வைத்து எடுக்கும்போது வாகனம் ஒரு பக்கம் உதறும். ஈரத் தார் வீதியில் பின்பக்கம் கொஞ்சம் நழுவப் பார்க்கும். நீளமான டபுள் கெப்பில் இது சமாளிக்கக்கூடியது. ஜிம்னி, பழைய மிட்சுபிஷி 4டிஆர்5 ஜீப் மாதிரிக் கட்டை வாகனங்களில் எரிச்சல் தரும். கஸ்தூரியார் வீதி நெரிசலில் நாளுக்கு நாலு தரம் திருப்புகிறவருக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். வயலும் குளக்கட்டுமே வாழ்க்கை என்றால், சுவிச்சும் வயரும் காற்றுக் குழாயும் இல்லாத இந்தச் சாமான் உண்மையில் நல்ல சாமான். உப்புக் காற்று அதற்கு ஒன்றும் செய்யாது.

தேவையானபோது மட்டும் பூட்டும் லொக்கர் மூன்றாவது. சுவிச்சை அமர்த்தும் வரைக்கும் அது சாதாரண டிஃப். அமர்த்தினால் நூறு வீதம் பூட்டு. ஆஸ்திரேலியாவின் ஏ.ஆர்.பி காற்றால் இயங்குவது, ஈற்றன் மின்சாரத்தால் இயங்குவது, தொழிற்சாலையில் வரும் டொயோட்டா லொக்கும் மின்சாரம்தான். வீதியில் ஓடும்போது இருப்பதே தெரியாது. விலை கூட, பூட்டும் வேலையும் கூட.

காற்றா, மின்சாரமா? என் கட்சி காற்று. காரணம் பலம் அல்ல, கொம்பிரசர். லொக்கருக்காகப் பூட்டும் கொம்பிரசரிலேயே ஒரு குழாய் எடுத்து ரயருக்கும் காற்று அடிக்கலாம். மணலுக்கு இறங்கக் காற்றை எடுக்க வேண்டும், ஏறியதும் திரும்ப அடிக்க வேண்டும். கட்டைக்காட்டில் காற்றடிக்கும் கடையை எங்கே தேடுவது? சின்ன கொம்பிரசர் மெதுவாகத்தான் அடிக்கும், ரயருக்கு ஒரு பிளேன்ரீ குடிக்கும் நேரம் போகும், போகட்டும். மின் லொக்கருக்குக் குழாய் ஒழுகும் பிரச்சினை இல்லை, ஆனால் வயர் இணைப்புகளில் உப்பு ஏறினால் அதுவும் சண்டித்தனம் செய்யும்.

புதிய வாகனங்களில் டிராக்ஷன் கன்ட்ரோல் வருகிறது. சுழலும் சில்லுக்கு மட்டும் பிறேக் போட்டு விசையை மற்றப் பக்கம் அனுப்புகிறது. 2018இல் வந்த ஜிம்னியிலும் இப்படி ஒன்று உண்டு. களித் தடத்தில் நன்றாகவே வேலை செய்யும். ஆழ மணலில் வேகத்தை அறுத்து விடுவதால் பலர் அதை நிறுத்திவிட்டு ஓடுவார்கள். இது இருக்கிற வாகனத்துக்கு லொக்கர் வாங்க அவசரப்படாதீர்கள். ஒரு மாரி முழுக்க ஓடிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

படி 4: முன்னுக்கா, பின்னுக்கா?

பின்னுக்கு. ஏறும்போதும் பாரம் ஏற்றும்போதும் எடை பின்னால்தான் விழுகிறது, பின் அக்சிலும் பலமானது. முன்னால் பூட்டினால் ஸ்ரியரிங் கல் மாதிரி இறுகும், மணலில் திருப்பினாலும் வாகனம் நேரே உழுதுகொண்டு போகும், முன் அக்சில் மூட்டுகளும் கெதியாக உடையும். இரண்டிலும் போடுவது மலைநாட்டில் பந்தயம் ஓடுகிறவர்களுக்கு.

ஒரு விதிவிலக்கு. பின்னால் நல்ல எல்.எஸ்.டி ஏற்கனவே இருந்து, முன் சில்லுகளை அக்சிலில் இருந்து கழற்றிவிட, கையால் திருப்பும் ஃப்ரீ வீல் ஹப் உள்ள பழைய ஹைலக்ஸ் அல்லது 4டிஆர்5 வைத்திருப்பவர், மலிவான தானியங்கி லொக்கர் ஒன்றை முன்னால் போடலாம். ஹப்பைத் திறந்து விட்டால் வீதியில் அது இருப்பதே தெரியாது. களியில் ஹப்பைப் பூட்டினால் மூன்று சில்லாவது இழுக்கும்.

படி 5: அளவு எடுத்து வாங்குங்கள்

"ஹைலக்சுக்கு ஒரு லொக்கர்" என்று கேட்டு வாங்கினால் பாதி நேரம் பிழைக்கும். கடைக்காரர் கேட்க முன் உங்களிடம் இவை இருக்க வேண்டும்: வாகனத்தின் சேசிஸ் இலக்கம், எஞ்சின் அறையிலோ கதவு ஓரத்திலோ உள்ள தகட்டில் எழுதிய அக்சில் குறியீடு, கிரௌன் வீலின் விட்டம், அக்சில் நுனியில் உள்ள ஸ்ப்ளைன் பற்களின் எண்ணிக்கை, பல்லு விகிதம். டொயோட்டாவின் 8 அங்குல பின் டிஃப் என்றால் பெரும்பாலும் 30 ஸ்ப்ளைன், ஆனாலும் அக்சிலைக் கழற்றி எண்ணிப் பாருங்கள். யாரோ முன்பு வேறு அக்சில் மாற்றியிருக்கலாம். பல்லு விகிதத்தையும் சேர்த்து மாற்றப் போகிறீர்கள் என்றால் முன்னும் பின்னும் ஒரே விகிதமாக மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றி நாலு சில்லில் ஓடினால், முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரிக்கும் ரான்ஸ்பர் கேஸ் தாங்காது.

கொழும்புப் பஞ்சிகாவத்தையில் தேடினால் உடைத்த யப்பான் வாகனங்களின் பின் அக்சில்கள் கிடைக்கும். மின் லொக் உள்ள டொயோட்டா டிஃப் கண்ணில் பட்டால், டிஃபை மட்டும் கழற்றி வாங்காதீர்கள். மின் லொக் டிஃப் சாதாரண ஹவுசிங்கில் அப்படியே உட்காராது, ஹவுசிங்கை வெட்டித் திருத்த வேண்டும். முழு அக்சிலாக, மோட்டரோடும் வயர் சொக்கற்றோடும் வாங்கி, உங்கள் வாகனத்தின் அகலத்துக்குச் சரி வருமா என்று நாடா பிடித்துப் பாருங்கள். அங்கேயே ஒரு 12 வோல்ற் பற்றரி கேட்டு மோட்டருக்குக் கொடுத்து, உள்ளே லொக்கைத் தள்ளும் ஃபோர்க் நகர்கிறதா என்று பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். எனக்கு விற்றவர் "சூப்பர் கண்டிசன்" என்றார். வீட்டுக்கு வந்து திறந்தால் மோட்டருக்குள் பச்சைத் துருவும் ஒரு கரண்டி மண்ணும்.

படி 6: பூட்டுகிறவரைத் தெரிவு செய்யுங்கள்

லொக்கரைவிட இதற்குத்தான் கூட நேரம் செலவிட வேண்டும். முழுக் கூடு மாற்றும் எந்த லொக்கருக்கும் கிரௌன் வீலைக் கழற்றிப் புதுக்கூட்டில் பூட்டி, பினியனோடு அது எவ்வளவு இடைவெளியில் கடிக்கிறது என்று திரும்ப அளவு பிடிக்க வேண்டும். பல டொயோட்டா டிஃப்களில் அந்த இடைவெளி 0.13 முதல் 0.18 மில்லிமீற்றர் வரை. ஓரிரு தலைமயிர்த் தடிப்பு. கையால் ஆட்டிப் பார்த்து "சரி, ஓகே" என்கிற வேலை இல்லை இது. இந்த நுண்ணிய இடைவெளியை அளக்கும் டயல் கேஜ் வேண்டும், பல்லில் மை பூசி எந்த இடத்தில் படுகிறது என்று பார்க்க வேண்டும், பெயாரிங்கின் இறுக்கம் பார்க்க வேண்டும்.

ஆகவே கராஜுக்குப் போனதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "அண்ணை, டயல் கேஜ் வைச்சிருக்கிறீங்களோ?" எடுத்துக் காட்டினால் நல்ல ஆள். "எனக்கு முப்பது வருச அனுபவம் தம்பி" என்று மட்டும் பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். அளவு பிழைத்த டிஃப் 60 கிலோமீற்றர் வேகத்தில் ஊளையிடத் தொடங்கும், பிறகு பல்லைத் தின்னும். எனக்கு முதல் தரம் அப்படித்தான் ஆனது. இரண்டாவது தரம் பூட்டியவர் இரண்டு நாள் எடுத்தார், மூன்று தரம் கழற்றிப் பூட்டினார், எனக்குப் பொறுமை போனது. அந்த டிஃப் இன்றைக்கும் சத்தமில்லாமல் ஓடுகிறது.

பெயாரிங், சீல் எல்லாம் புதிதாகப் போடுங்கள். பழசைப் போட்டு மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை. காற்றுக் குழாயை சைலன்சருக்குத் தூரமாக, அக்சில் மேலும் கீழும் ஆடும்போது இழுபடாத நீளத்தில் எடுக்கச் சொல்லுங்கள். கொம்பிரசரை முடிந்தால் எஞ்சின் அறையில் உயரத்தில் வையுங்கள், அதற்குத் தனி பியூஸ் போடுங்கள். டிஃப் மூச்சு விடும் குழாயையும் இதோடு சேர்த்து நீட்டி உயரத்தில் கட்டிவிட்டால், தண்ணீருக்குள் இறங்கும்போது சூடான டிஃப் குளிர்ந்து தண்ணீரை உறிஞ்சாது. பூட்டி முதல் 1,000 கிலோமீற்றருக்குள் ஒயிலை மாற்றுங்கள். வடித்த ஒயிலில் மாவு மாதிரி இரும்புத்தூள் இருந்தால் பயமில்லை. துண்டு துண்டாக இருந்தால் திரும்பக் கராஜுக்கு.

படி 7: எப்போது அமர்த்துவது?

புதைந்த பிறகு இல்லை, புதைய முன். தடத்தைப் பார்த்து, "இதிலை ஒரு சில்லு வழுக்கும்" என்று தோன்றும் இடத்துக்கு முன்னாலேயே நிறுத்தி, லோ கியரில் போட்டு, சுவிச்சை அமர்த்தி, விளக்கு நிலையாக எரியும் வரை மெல்ல ஊர்ந்து போங்கள். சில்லு சுழன்றுகொண்டிருக்கும்போது அமர்த்தினால் பல் மோதி உடையும். டொயோட்டா, பின் லொக் போட்டு மணிக்கு 8 கிலோமீற்றருக்கு மேல் ஓடாதே என்று சொல்கிறது. மற்ற வாகனங்களுக்கும் அதையே கணக்காக வையுங்கள்.

பூட்டியிருக்கும்போது கூர்மையாகத் திருப்பாதீர்கள். ரக்ரர்காரர் வயல் மூலையில் திரும்ப முன் அந்த மிதியில் இருந்து காலை எடுப்பதைக் கவனித்திருப்பீர்கள். கடினமான நிலம் வந்ததும் சுவிச்சை விடுங்கள். விட்டதும் விளக்கு அணையாவிட்டால் பயப்பட வேண்டாம், கொஞ்சம் முன்னும் பின்னும் நகர்த்தி ஸ்ரியரிங்கை இடம் வலமாக ஆட்டினால் கழன்றுவிடும். தார் வீதிக்கு ஏற முன் விளக்கு அணைந்துவிட்டதா என்று ஒரு தரம் பாருங்கள். சில வாகனங்களில் பின் லொக்கைப் போட்டதும் டிராக்ஷன் கன்ட்ரோல் தானாக நின்றுவிடும், அது பழுது இல்லை.

இனி உப்பு. கடற்கரைக்குப் போய் வந்த அன்றைக்கே அடிப்பக்கத்தைக் கழுவுங்கள், நல்ல தண்ணீரில். தீவுப் பக்கமும் கரையோரமும் பல கிணறுகள் உவர். உவர்த் தண்ணீரில் உப்பைக் கழுவி என்ன பயன்? எனக்குத் தெரிந்த ஒருவர் வேலணையில் இரண்டு வருசம் அப்படிக் கழுவி, மூன்றாவது வருசம் லொக்கர் மோட்டரை இரண்டு கையாலும் அள்ளி எடுத்தார். நல்ல தண்ணீர்க் கிணறு உள்ள சொந்தக்காரர் வீட்டில் கழுவிக்கொண்டு வாருங்கள், ஒரு பிளேன்ரீயும் கிடைக்கும். வெள்ளத்தில் இறங்கிய மறுநாள் டிஃப் ஒயில் மூடியைத் திறந்து விரலால் தொட்டுப் பாருங்கள். பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, உடனே மாற்றுங்கள்.

பாவிக்காத லொக்கர் இறுகிப் போகும். பங்குனியில் இருந்து புரட்டாதி வரை தேவையே வராது, ஐப்பசியில் அமர்த்தினால் அசையாது. மாதத்துக்கு ஒரு தரம், மணல் உள்ள ஏதாவது ஒரு வெறும் வளவில், நேரே பத்து மீற்றர் ஓடும் தூரத்துக்குப் போட்டு எடுங்கள். நான் ஒவ்வொரு பறுவத்துக்கும் செய்கிறேன். திகதி ஞாபகம் வைக்க லேசாக இருக்கிறது, அன்றைக்குக் கராஜும் பூட்டு.